லீவு கேட்காதவள்

காய்ச்சலோடும் வேலைக்கு வருபவள் என்றுதான் அந்த ஆடைத் தொழிற்சாலையில் இராசமலருக்குப் பெயர். கிளிநொச்சிக்கு வெளியே, வயல்வெளி முடிகிற இடத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. வாசலால் உள்ளே போனவுடன் வலப்பக்கச் சுவரில் அவளுடைய படம் தொங்கியது. மேலே ‘சிறந்த ஊழியர்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. சேர்ந்த நாளிலிருந்து அவள் பிந்தி வந்ததில்லை, லீவு கேட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ஆளணிப் பிரிவு அதிகாரி சிவகரன் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவான்.

படம் மாட்டிய அன்று முரசுமோட்டையில் அவளுடைய வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது.

“உயிரோட இருக்கேக்கையே சுவரில ஏறின ஆள் நீ ஒருத்திதான்,” என்றார் கணவர் தங்கராசா. வயலும் இரண்டு மாடுகளும் தவிர அவருக்கு வேறு சோலி இல்லை. மகள் யதுர்ஷிகா அந்தப் படத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்கு எல்லாம் அனுப்பினாள். இராசமலர் வெட்கப்பட்டாள். ஆனாலும் மறுநாள் காலை வாசலால் போகும்போது படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிந்தி வராத பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. சண்டை முடிந்து, முட்கம்பிக்குள் கூடாரங்களில் இருந்த காலத்தில், தண்ணீர் பவுசர் வண்டி வரும்போது வரிசையில் முன்னால் நிற்காதவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. யதுர்ஷிகா அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் இராசமலர் பிந்திப் போனாள். வெறும் வாளியோடு திரும்பி வந்து, பிள்ளை அழுது ஓய்ந்து சோர்ந்து கிடக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் பிந்திப் போக அவளால் முடியவில்லை. தொழிற்சாலைப் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே சந்தியில் போய் நிற்பாள். மழையென்றாலும் நிற்பாள். கூட்டத்தில் மனேஜர் அவளை எழுப்பி நிறுத்தி, இதுதான் ஒழுக்கம் என்று சொல்லிக் கைதட்ட வைத்தபோது, அது ஒழுக்கமல்ல, பயம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கைதட்டல் நன்றாக இருந்தபடியால் பேசாமல் இருந்துவிட்டாள்.

பயத்தால் வராத குணங்களும் அவளிடம் இருந்தன. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுத்துத்தான் புது ஊசி வாங்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு துண்டு குறைந்தால் எங்கேயோ எடுத்து வைத்த பழைய துண்டைச் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. இராசமலர் மெசினுக்குக் கீழே முழந்தாளில் நின்று தேடுவாள். “எங்கயோ ஒரு பிள்ளை போடப்போற சட்டை. உள்ளுக்கை கிடந்து குத்தினா ஆர் பதில் சொல்லுறது?” என்பாள். தான் பிழையாகத் தைத்ததைப் பரிசோதிக்கிறவர்கள் கண்டுபிடிக்குமுன் தானே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவாள். மற்றவர்களைப் பற்றி மேலிடத்தில் ஒரு சொல் சொல்லமாட்டாள். அதனால் அந்தத் தையல் லைனில் அவளைப் பிடிக்காதவர்கள் என்று யாரும் இல்லை.

பக்கத்து மெசினில் இருந்த கிருசாந்தி வேறு மாதிரி. முப்பது வயது. விசுவமடுவில் தாயோடும் சின்ன மகளோடும் இருந்தாள். புருசன் கட்டாரில். வாரத்தில் ஒரு நாளாவது ஓடிவந்துதான் பஸ்ஸைப் பிடிப்பாள். பிள்ளைக்குச் சளி என்றால் வரமாட்டாள். பாலர் பாடசாலையில் கலைவிழா என்றாலும் வரமாட்டாள். ஆனால் வந்து மெசினில் இருந்துவிட்டால் அவளை முந்த ஆள் கிடையாது. சட்டைக் கொலர் தைப்பதில் அந்த லைனிலேயே அவளுடைய கைதான் வேகம். வாயும் கூடவே ஓடும்.

பஸ் விசுவமடுவிலிருந்துதான் புறப்படும். கிருசாந்தி ஏறி இருந்தால் யன்னலோரச் சீற்றில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து இராசமலருக்கு இடம் பிடித்திருப்பாள்.

“மலரக்கா, நீங்கள் செத்தாலும் முதல் வந்து மெசினில விரலை வைச்சு வரவு போட்டிட்டுத்தான் சாவியள்,” என்று ஒரு நாள் சொன்னாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

“நீ சிரி. நேற்று நீ வராததால உன்ர வேலையையும் நாங்கள்தான் பாத்தனாங்கள். வேலையெண்டு வந்தா அதுக்கு ஒரு நேர்மை வேணும் கிருசா.”

“பிள்ளைக்கும் நேர்மையா இருக்கோணுமே அக்கா.”

இராசமலருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கெட்டிக்காரிதான், பொறுப்புத்தான் இல்லை என்று நினைத்தாள். கிருசாந்தியைப் பற்றி அவள் மனதில் கடைசிவரை இருந்த குறை அதுதான்.

மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். ஊர் முழுக்க டெங்குக் காய்ச்சல். வெளிநாட்டு ஓடர் ஒன்று கப்பலேற வேண்டியிருந்ததால் தொழிற்சாலையில் ஒருவருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமை கிருசாந்திக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதல் நாள் குளிசை போட்டுக்கொண்டு வேலை செய்தாள். அடுத்த நாள் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, இடுப்பு முறிகிறது என்றாள். வாய் ஓடவில்லை. கொலர்கள் அவளுடைய மேசையில் குவிந்து கிடந்தன.

லைன் சுப்பர்வைசர் கௌசலா அவளைச் சிவகரனிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவனுடைய மேசை தையல் மண்டபத்தின் ஓரத்திலேயே, இராசமலரின் மெசினுக்குக் கிட்ட இருந்தது. கதைப்பது காதில் விழும்.

“சேர், என்னாலை ஏலாமக் கிடக்கு. அரை நாள் விடுங்கோ, இரத்தம் சோதிச்சுப்போட்டு நாளைக்கு வாறன்,” என்றாள் கிருசாந்தி.

“உங்களுக்கு எப்பவும் ஒரு சாட்டு இருக்கும். போன மாசம் பிள்ளைக்கு. இப்ப உங்களுக்கு. இண்டைக்கு உங்களை விட்டா நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பினம்.”

“சத்தியமா ஏலாது சேர்.”

சிவகரன் தலையைத் திருப்பி இராசமலரைக் கூப்பிட்டான். அவள் எழும்பிப் போனாள்.

“அக்கா, போன வருசம் நீங்கள் காய்ச்சலோட வந்து வேலை செய்தனீங்கள்தானே?”

இராசமலர் கிருசாந்தியின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் சிவந்து, கண் கலங்கி இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான்.

“ஓம் சேர். வந்தனான்.”

“பாத்தீங்களோ,” என்றான் சிவகரன் கிருசாந்தியிடம். “இதைத்தான் சொல்லுறது.”

கிருசாந்தி திரும்பிப் போய் மெசினில் இருந்தாள். இராசமலர் குனிந்து, “கொஞ்சம் சமாளி பிள்ளை. கப்பல் போகட்டும், பிறகு லீவு தருவினம்,” என்றாள். அவளுடைய கொலர்களில் பாதியை எடுத்துத் தானே தைத்தும் கொடுத்தாள். பெரிய உதவி செய்துவிட்டதாக அன்று அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் கிருசாந்தி யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். இராசமலர் அவளுடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

“காய்ச்சல் இறங்கீட்டுது. நான் சொன்னனான்தானே,” என்றாள் சந்தோசமாக.

“வயித்தைப் பிரட்டுது அக்கா,” என்றாள் கிருசாந்தி மெதுவாக.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு கிருசாந்தி மெசினிலிருந்து எழும்பி, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கியது. துணிக் குவியலோடு கீழே விழுந்தாள். இராசமலர் தூக்கி மடியில் வைத்தபோது அவளுடைய கைகால் எல்லாம் ஐஸ் போல இருந்தன. தொழிற்சாலை வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். இரண்டு நாள் கழித்து, பின்னேரம் மெசின்களை நிறுத்துகிற நேரத்தில், கௌசலாவின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. கௌசலா வாயைப் பொத்திக்கொண்டு இராசமலரைப் பார்த்தாள். வேறு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

செத்த வீட்டுக்குத் தொழிற்சாலை இரண்டு பஸ் விட்டது. மலர்வளையமும் வந்தது. சிவகரன் வெள்ளைச் சேட்டோடு பந்தலுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. கட்டாரிலிருந்து புருசன் இன்னும் வந்து சேரவில்லை என்று உடலை வைத்திருந்தார்கள். சின்ன மகள் யாரோ ஒருத்தியின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

இராசமலர் கிருசாந்தியின் தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள். தாய் அழுது முடித்திருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள்தானே மலர்? படத்தில இருக்கிற ஆள்?”

“ஓம் அம்மா.”

“போகாதை எண்டு நான் மறிச்சனான். விடிய வாசலில நிண்டு மறிச்சனான். மலரக்கா காய்ச்சலோட போய் வேலை செய்தவாவாம், நான் போகாட்டி என்னைத்தான் குறை சொல்லுவினம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்.” அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

இராசமலருக்கு அந்த இடத்திலேயே எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. எழும்பாமல், புருசன் வந்து பிரேதம் எடுக்கும்வரை அந்தப் பாயிலேயே இருந்தாள்.

சில நாளில் தொழில் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று கதை பரவியது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சிவகரன் இராசமலரைக் கூப்பிட்டான். இம்முறை மண்டபத்து மேசைக்கல்ல, கதவு சாத்திய அறைக்கு.

“இருங்கோ அக்கா,” என்று கதிரையை இழுத்துப் போட்டான். அவன் அவளை இருக்கச் சொன்னது அதுதான் முதல்தடவை. “நாளைக்கு வருவினம். லைனில பழைய ஆள் எண்டு உங்களையும் கூப்பிடுவினம். கிருசாந்தி லீவு கேட்டவாவோ எண்டு கேப்பினம்.”

“கேட்டவள்தானே சேர்.”

“வாயால கேட்டவா. எழுத்தில ஒண்டும் இல்லை. உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது எண்டு சொன்னாக் காணும்.”

“எனக்குத் தெரியுமே சேர்.”

சிவகரன் மேசையில் கிடந்த பேனையை எடுத்தான், வைத்தான். “கொழும்பில இருந்து என்னை நெருக்கினம் அக்கா. நான் லீவு குடுத்திருந்தா ஏன் குடுத்தனீ எண்டு கேட்டிருப்பினம். இப்ப ஏன் குடுக்கேல்லை எண்டு கேக்கினம். இந்த ஓடர் வேற இடத்துக்குப் போனா இஞ்ச இருக்கிற முழுப்பேருக்கும் வேலை இல்லை. உங்கட சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கு. நீங்கள் சொன்னா நம்புவினம்.”

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பினாள்.

பஸ்ஸில் கௌசலா வந்து பக்கத்தில் இருந்தாள். “மலரக்கா, செத்தவளை இனி எழுப்பேலாது. என்ர வீட்டில நான் ஒருத்தி உழைச்சுத்தான் அடுப்பு எரியுது. உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

“அப்ப பாத்துச் சொல்லுங்கோ,” என்று கௌசலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் தங்கராசா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். இராசமலர் பட்டியடியில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலையை விடாமல் கேட்டார்.

“நான் சொல்லி என்ன, நீ உன்ர குணத்துக்குத்தான் செய்வாய்,” என்றார் கடைசியில். “பொய்யைச் சொல்லிப்போட்டு அந்த மெசினில போய் இருக்க உனக்கு ஏலுமெண்டா சொல்லு. ஏலுமோ?”

அவளும் ஒரு பிடி வைக்கோலை எடுத்து மாட்டுக்கு முன்னால் போட்டாள். உடைந்த ஊசித் துண்டு ஒன்றுக்காகத் தரையில் தவழ்ந்து தேடியவள், பக்கத்து மெசினில் இருந்த ஒருத்தி விழப்போவதைக் காணாமல் விட்டதை நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோ முகம் தெரியாத ஊரில் ஒரு பிள்ளைக்குக் குத்திவிடும் என்று பயந்தவளுக்கு, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவளின் சூடு ஏன் பெரிதாகத் தெரியவில்லை?

விசாரிக்க வந்த அதிகாரி வயதான ஒரு அம்மா. கன்ரீனில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இராசமலருக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

“கிருசாந்தி லீவு கேட்டதைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“கேட்டவா. இரத்தம் சோதிக்க அரை நாள் கேட்டவா. குடுக்கேல்லை. என்னைக் கூப்பிட்டு, நீங்கள் காய்ச்சலோட வந்தனீங்கள்தானே எண்டு கேட்டவை. நானும் ஓம் எண்டனான். அதையும் எழுதுங்கோ அம்மா.”

“நீங்கள் உண்மையைத்தானே சொன்னனீங்கள். அது உங்கட பிழை இல்லை.”

“பரவாயில்லை. எழுதுங்கோ.”

வெளியே வந்து தன் மெசினுக்குத் திரும்பினாள். மண்டபத்தில் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் சொன்ன பிறகு கௌசலாவும் இரண்டாம் தரம் உள்ளே போய் உள்ளதைச் சொன்னாள் என்று பிறகு தெரியவந்தது. அதைக் கௌசலா அவளிடம் சொல்லவில்லை. ஓடர் எங்கும் போகவில்லை. சிவகரனைத் தெற்கில் எங்கேயோ உள்ள கிளைக்கு மாற்றினார்கள். இராசமலரை மெசினிலிருந்து எடுத்து, தைத்து முடிந்த சட்டைகளில் நூல் வெட்டுகிற கடைசி மேசையில் விட்டார்கள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்த படத்தைக் கழற்றி, அந்த இடத்தில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. பகை என்று சொல்ல முடியாது. இருந்தால் என்ன கதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் லீவு கேட்டாள். அந்தத் தொழிற்சாலையில் அவள் கேட்ட முதல் லீவு அது. கொடுத்தார்கள்.

விசுவமடுவில் கிருசாந்தியின் தாய் முற்றத்தில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இராசமலர் பக்கத்தில் குந்தி, தானும் ஒரு சட்டியை எடுத்துத் தேய்த்தாள்.

“விசாரணையில சொன்னனீங்களாம்,” என்றாள் தாய், பாத்திரத்தைப் பார்த்தபடி.

“ஓம் அம்மா.”

“அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்.”

இராசமலர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை. தாய் அவளைப் போ என்று சொல்லவுமில்லை, இரு என்று சொல்லவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குப் போலவே அவளுக்கும் இலை போட்டாள்.

அடுத்த வருடம் சிவகரனின் இடத்துக்குத் தெற்கிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்தாள். பழைய கதை அவளுக்கு முழுதாகத் தெரியாது. இராசமலரின் வரவுப் பதிவைக் கண்டு வியந்து, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நல்ல ஊழியராக இருப்பது எப்படி என்று கொஞ்ச நேரம் கதைக்கச் சொன்னாள். இராசமலர் மாட்டேன் என்றாள். பிறகு, கதைக்கிறேன் என்று தானே போய்ச் சொன்னாள்.

கன்ரீனில் பெண்கள் வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். இராசமலருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நேரத்துக்கு வாங்கோ,” என்று தொடங்கினாள். “ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடிக் குடுங்கோ. பிழை விட்டா நீங்களே போய்ச் சொல்லுங்கோ, சொன்னா ஒருதரும் தின்னமாட்டினம். உதுகள் எல்லாம் நல்லதுதான். ஆனா நான் ஒரு பிழை விட்டனான். என்ர வேலை மட்டும் சரியா இருந்தாக் காணும் எண்டு நினைச்சனான். பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு ஏலாது எண்டா, அவள் கேக்கேக்கை நீங்களும் எழும்பிச் சொல்லுங்கோ. அவளைத் தனிய நிக்க விடாதேங்கோ. உங்களை ஆருக்காவது உதாரணமாக் காட்டினா, காட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

அதிகாரி நேரமாகிவிட்டது என்று இடையில் எழும்பி நன்றி சொன்னாள். அதன்பின் இராசமலரை அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்த மாரியில் பிரியந்தினி என்ற புதுப் பிள்ளை ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. அவள் அதிகாரியின் மேசைக்குப் போனபோது, அந்த லைனில், அன்று கன்ரீனில் இருந்து கேட்ட இரண்டு பெண்கள் மெசினை நிறுத்திவிட்டு எழும்பி அவளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பிறகு கௌசலாவும் போனாள். கடைசி மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த இராசமலருக்கு என்ன கதைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அதிகாரியின் முகம் கடுத்திருந்தது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிரியந்தினி பையை எடுத்துக்கொண்டு வாசலால் போனாள். அன்று சொன்ன தொகையை அந்த லைன் தைத்து முடிக்கவில்லை. எல்லோருக்கும் ஏச்சு விழுந்தது.

பிரியந்தினிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். நாலாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸில் இராசமலர் அவளைப் பார்த்து, “சுகமோ?” என்று கேட்டாள். “ஓம் அக்கா, சுகம்,” என்றாள் அவள். பஸ் பரந்தன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வயல்களில் தண்ணீர் நிறைந்து நின்றது.